அன்று மால்டோ, இன்று இந்தி

ராஜ்மகால் மலைக்குப் புதிதாக வரும் மிஷனரிப் பிள்ளைகளிடம், அவர்கள் வந்து சில வாரம் ஆனதும், "மால்டோ எப்படி வருது?" என்று விசாரிப்பேன். மால்டோ அந்த மலை மக்களின் மொழி. முன்பெல்லாம் பெருமூச்சுதான் பதிலாக வரும். இப்போது சிரித்த முகமாகச் சொல்கிறார்கள்: "அண்ணன், இந்தி நல்லா வந்துட்டு. இங்க எல்லாருக்கும்தான் இந்தி புரியுதே, ஒரு கஷ்டமும் இல்ல."

அவர்கள் சொல்வது உண்மைதான். ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச், பாகுர் மாவட்டங்களில் மலையுச்சிக் கிராமத்துப் பையன்கூட இன்று இந்தி பேசுகிறான். பள்ளிக்கூடத்தில் இந்தி, செல்போனில் இந்தி, வாரச் சந்தையில் இந்தி. எனக்குக் கவலையே அதனால்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மொழி கற்க எங்களுக்கு ஒரு வசதியும் கிடையாது, ஆனாலும் மொழி வந்தது. இன்றைக்கு எல்லா வசதியும் இருக்கிறது, மொழி மட்டும் வருவதில்லை. அந்த முதல் வாரங்களில் நடந்ததையும் இன்று நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிட வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன்.

நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மிஷனரி என்ற பேச்சு தாலாட்டோடு சேர்ந்தே காதில் விழும். இடையன்குடியில் கால்டுவெல், நாசரேத்தில் மர்காசிஸ், டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. நமக்கு வந்தவர்களைப் போல நாமும் போக வேண்டும் என்று 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் முன்நின்றவர். அந்தச் சங்கத்தார் முதலில் போனது நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல்லுக்கு. தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தெலுங்கு படித்தார்கள். அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடும் வழக்கம் எங்கள் சேகரத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. என் அம்மாவும் போட்டாள். அந்த அரிசியில் போன ஆட்களில் நானும் ஒருவன்.

1980களின் நடுவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இருபதைத் தாண்டிய பையன்கள், புதிதாகக் கல்யாணமான சில தம்பதிகள், நர்ஸ் படிப்பு முடித்த இரண்டொரு அக்காமார். விடியுமுன் மணி அடிக்கும். தனி ஜெபம், பிறகு வேதபாடம், பிறகு தோட்ட வேலை. சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றுவது, ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகுவது, கஞ்சி காய்ச்சுவது, கிணறு இல்லாத இடத்தில் தண்ணீரை வடிகட்டுவது எல்லாம் பாடத்தில் உண்டு. இவற்றில் பெரும்பாலானதை வேறெங்கும் கற்றுக்கொள்ளலாம். அங்கே மட்டும் கிடைத்தது, மொழியைப் பற்றி எங்களுக்குள் விதைத்த மரியாதை.

எங்கள் தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தி கிடையாது. 1968ல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை வந்தது. அதற்குப் பிறகு படித்தவர்களுக்கு தேவநாகரி எழுத்தே அந்நியம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் ஆரம்பப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்களுக்கு 'க'வில் நான்கு வகை சொல்லிக்கொடுத்தார். உதடும் நாக்கும் வலிக்க வலிக்கச் சொல்லிப் பார்ப்போம். ஒருநாள் எங்களில் ஒருவன் பயிற்சித் தலைவரிடம் கேட்டான், "ஐயா, இந்தி தெரிஞ்சா வடக்க எங்கயும் சமாளிச்சிரலாம்லா?"

"இந்தி ஸ்டேஷன்ல எறங்குறதுக்குடே. மலை ஏறுறதுக்கு இல்ல" என்றார் அவர்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். பணித்தளத்துக்குப் போன முதல் வருஷம் பிரசங்கம் செய்யக் கூடாது, துண்டுப் பிரதி கொடுக்கக் கூடாது, ஊருக்குப் புகைப்படம் அனுப்பக் கூடாது. "ஒரு வருஷம் உனக்கு வாய் கிடையாது. காது மட்டும்தான்." சும்மா மிரட்டலுக்குச் சொன்னதல்ல. மொழிப் பரீட்சையில் தேறாதவனை அடுத்த வேலைக்கு விடமாட்டார். அந்தப் பரீட்சையை வைப்பதும் எங்கள் ஆட்கள் இல்லை, கிராமத்துப் பெரியவர்கள்.

சீகன்பால்கு கதையை அவர் சொல்லித்தான் முழுதாகக் கேட்டேன். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கியபோது அந்த ஜெர்மானியருக்கு இருபத்து மூன்று வயது. தமிழ் படிக்கப் புத்தகமோ அகராதியோ அவர் கையில் இல்லை. வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். சில வருஷங்களிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1715ல் அது அச்சிலும் வந்தது. கால்டுவெல் 1838ல் சென்னைக்கு வந்தவர், மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கித் தமிழ் படித்துவிட்டுத்தான் தெற்கே நடந்தார். ஐயா இதையெல்லாம் சரித்திர பாடமாகச் சொல்லவில்லை. "அவங்க நம்ம பாஷைக்குக் கொடுத்த மரியாதைய நீ இன்னொருத்தன் பாஷைக்குக் கொடு" என்பார். அதை நான் இன்றுவரை கடனாகத்தான் நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுரா, அங்கிருந்து சாகிப்கஞ்ச் லூப் லைனில் ஒரு பாசஞ்சர். தீன்பஹாட் தாண்டும்போதே மலைகள் தெரியும். பெரிய மலைகள் இல்லை. நம் பொதிகைக்கு முன்னால் குன்று என்றுதான் சொல்ல வேண்டும். கறுத்த எரிமலைப் பாறை. வடக்கே கங்கை வளைந்து திரும்புகிறது. அந்தப் பாறையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர்கள் அப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான். இன்று மலையின் விலாவையே தின்றுகொண்டிருக்கின்றன.

பள்ளத்தாக்கில் சந்தால் மக்கள், உச்சியில் மால்டோ பேசும் பஹாடியா மக்கள். இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாகல்பூர் கலெக்டராக இருந்த அகஸ்டஸ் கிளீவ்லண்ட், பஹாடியாத் தலைவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, மலைவாசி வில்லாளிகளைக் கொண்டு ஒரு படையே அமைத்தார். அவர் 1784ல் இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். பிறகு 1832ல் கம்பெனி அரசு தாமின்-இ-கோ என்ற பெயரில் இந்த மலையடிவாரத்தை அளந்து எல்லைக் கல் நட்டது. காட்டைத் திருத்தி உழ சந்தால் மக்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. பஹாடியா மக்கள் மேலே மேலே ஏறிப்போனார்கள். வட்டிக்காரன் இரண்டு தரப்பையும் விடவில்லை. கீழே சந்தால் மக்கள் 1855ல் சீதோ, கானு தலைமையில் கிளர்ந்து எழுந்தார்கள். மேலே இருந்தவர்களின் கடன் பற்றி எந்தப் பாடப் புத்தகமும் பேசவில்லை.

நாங்கள் போன காலத்திலும் சந்தை நாளில் அதைக் கண்ணால் பார்க்கலாம். பஹாடியாப் பெண்கள் தலைச்சுமையாகத் தட்டாம்பயறும் மக்காச்சோளமும் விறகும் இறக்கிக்கொண்டு வருவார்கள். அடிவாரத்திலேயே மகாஜன் தராசோடு உட்கார்ந்திருப்பான். முன்பணம் வாங்கிய கணக்கு அவன் நோட்டில் இருக்கும். அவன் பேசுவது இந்தி. காட்டிலாகா கார்டு பேசுவதும் இந்தி, கோர்ட்டு குமாஸ்தா பேசுவதும் இந்தி. மலையில் இந்தி பேசிக்கொண்டு ஏறி வருகிறவன் எதையாவது எடுத்துக்கொண்டு போக வருகிறான் என்பது அவர்கள் பல தலைமுறையாகப் படித்த பாடம். இந்தி ஸ்டேஷனோடு சரி என்று ஐயா சொன்னதன் பொருள் அந்தச் சந்தையில்தான் எனக்கு விளங்கியது.

எங்களை ஏற்றுக்கொண்ட கிராமத்தில் மொத்தமே முப்பது வீடுகளுக்குள்தான். மூங்கில் தட்டிச் சுவர், புல் கூரை. ஊர்த்தலைவரின் அண்ணன், அறுபதைத் தாண்டியவர், எனக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்பதுகூடச் சரியில்லை. நான் போய்த் திண்ணையில் உட்காருவேன், அவர் விரட்டவில்லை. சபாய்ப் புல்லைத் திரித்துக் கயிறு முறுக்கிக்கொண்டே இருப்பார். நான் எதையாவது தொட்டுக் காட்டுவேன். சொல்வார். எழுதுவேன். திருப்பிச் சொல்வேன். தலையை ஆட்டுவார், இல்லை என்று.

அந்த மொழியில் தொண்டையின் அடியில் பிறக்கிற ஒரு ககரம் உண்டு. நம் 'கண்' என்ற சொல்லுக்கு அவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட 'கனு'தான். ஆனால் அந்த முதல் எழுத்து நம் நாக்கு தொடாத இடத்திலிருந்து வருகிறது. நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கயிற்றைக் கீழே வைத்தார். என் வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்களைத் தன் தொண்டைக்குழியில் வைத்து அழுத்திக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். தளர்ந்த தோலுக்கு அடியில் அந்த இடம் எழும்பி இறங்கியது. பிறகு தன் கையை என் தொண்டையில் வைத்து, சொல் என்று கண்ணால் காட்டினார். புல்லின் பச்சை வாடை அடிக்கும் அந்த முரட்டுக் கை என் தொண்டையில் இருக்கும்போது முதல்முறையாகச் சரியாகச் சொன்னேன். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இதை எந்த ஒலிநாடாவும் சொல்லித்தராது. இன்றைய செயலியும் தராது. ஒருவருடைய தொண்டையில் கை வைக்க விடும் அளவுக்கு அவருக்கு உன்மேல் நம்பிக்கை வர வேண்டும்.

மால்டோ ஒரு திராவிட மொழி. இடையன்குடியில் இருந்துகொண்டு கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணத்தின் திராவிட மொழிப் பட்டியலில், ஒராவோனோடு சேர்த்து ராஜ்மகால் மொழியும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், பார்த்திராத மலையின் மொழியை, காகிதத்தில் வந்த சொற்களை வைத்தே நம் மொழிக்கு உறவு என்று எழுதினார். பிறகு எர்னஸ்ட் டிரோசே என்ற ஜெர்மானிய மிஷனரி மால்டோவுக்கு இலக்கணம் எழுத, அது 1884ல் ஆக்ராவில் அச்சானது. 1973ல் சிசிர் குமார் தாஸ் எழுதிய மால்டோ மொழியமைப்பு பற்றிய நூலை வெளியிட்டது நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இவ்வளவும் இருந்தும் எங்கள் கைக்கு வந்தவை டிரோசே புத்தகத்தின் சில மங்கிய நகல் பக்கங்கள் மட்டும்.

உறவு மொழி என்பதால் தமிழன் சீக்கிரம் கற்றுவிடுவான் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியொன்றும் இல்லை. ஒன்று, இரண்டுக்கு மேல் எண்களே இந்திப் பக்கத்திலிருந்து வாங்கியவைதான். வினைச்சொல் முடிவுகள் தலையைச் சுற்றும். ஆனால் ஒரு இடத்தில் தமிழனுக்கு உதவி கிடைக்கும். நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் நம்மிடம் உள்ள வேறுபாடு அவர்களிடமும் இருக்கிறது: 'நாம்', 'ஏம்'. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எந்தச் சொல்லைப் போடுகிறார் என்பதிலேயே, நீ உள்ளே இருக்கிறாயா வெளியே இருக்கிறாயா என்பது தெரிந்துவிடும். மழைக்கால விதைப்பு பற்றிப் பேசும்போது அந்தப் பெரியவர் என்னையும் சேர்த்து 'நாம்' என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டாம் பிரூஸ்டர், பெட்டி சூ பிரூஸ்டர் தம்பதி 1976ல் வெளியிட்ட மொழி கற்கும் முறை அப்போது மிஷனரிப் பயிற்சிகளில் பரவத் தொடங்கியிருந்தது. அதன் சாரம் எளிது. காலையில் மொழி உதவியாளரிடம் இரண்டு மூன்று வாக்கியம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாய்க்கு வரும்வரை சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு வீடு வீடாகப் போய் அந்த இரண்டு வாக்கியத்தையே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும். மாலையில் வந்து எங்கே தடங்கியது என்று எழுதி, மறுநாள் அதிலிருந்து தொடங்க வேண்டும். கரியடுப்பும் டார்ச் லைட்டும் மட்டும் இருந்த எங்களுக்கு இது சரியாகப் பொருந்தியது. என் நோட்டு தமிழ் எழுத்தில் இருந்தது. வல்லினத்துக்கு மேலே புள்ளியும் கோடும் போட்டு நானே அடையாளம் வைத்துக்கொண்டேன். எங்கள் குழுவில் எல்லோர் நோட்டும் அப்படித்தான்.

எங்களைவிட முந்திக்கொண்டவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதியதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கணவனுக்குத்தான் மொழி உதவியாளர், கணவனுக்குத்தான் பரீட்சை. மனைவி இடுப்பில் பிள்ளையோடு சுனைக்குப் போவாள். தண்ணீர் ஊறி நிறைய நேரமாகும், வரிசையில் காத்திருக்கும் பெண்கள் பேசுவார்கள். பிள்ளைக்கு என்ன பெயர், பால் போதுமா, ஏன் காது குத்தவில்லை என்ற கேள்விகளிலிருந்தே மொழி தொடங்கிவிடும். ஆண்கள் மரம், கல், வீடு என்று பெயர்ச்சொல் சேர்த்துக்கொண்டிருக்கும்போது பெண்கள் கோபமும் கிண்டலும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காமல் விட்டது அந்தக் காலத்தின் பெரிய குறை. இன்று கணவன் மனைவி இருவருக்கும் சமமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள், இருவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. இதை மனதார வரவேற்கிறேன்.

இன்னும் நல்லவை உண்டு. அன்று காய்ச்சல் வந்தால் மலேரியாவா காலா அசாரா என்று தெரிந்துகொள்ளவே ஆளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மிஷனரிக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கின்றன. பஹாடியா வீடுகளில் எத்தனை சாவு என்று சொல்லி முடியாது. இப்போது விரல்நுனி ரத்தத்திலேயே பரிசோதனை நடக்கிறது. காலா அசாருக்கு வாரக்கணக்கில் போட்ட ஊசிகளுக்குப் பதிலாக ஒரே தடவை நரம்பில் ஏற்றும் மருந்து வந்துவிட்டது. சாலை வந்திருக்கிறது. பயிற்சி நிலையத்தில் புரொஜெக்டர், நூலகம், மானுடவியல் பாடம், உளவியல் ஆலோசனை எல்லாம் இருக்கின்றன. புதிதாக வரும் பிள்ளைகள் எங்களைவிட நிறையப் படித்தவர்கள், மனிதர்களை மதிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுடைய அர்ப்பணிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொழிக்கென்று ஒதுக்கிய காலம்தான் சுருங்கிப்போனது. ஒரு வருஷம் ஆறு மாதமாயிற்று, ஆறு மாதம் சில வாரங்களாயிற்று. இந்தி தெரிந்தவனை உடனே வேலையில் இறக்கலாம், அடுத்த மாதமே அறிக்கை வரும். ஊரில் காணிக்கை கொடுக்கிறவர்கள் வாட்ஸாப்பில் படம் எதிர்பார்க்கிறார்கள். எத்தனை கிராமம், எத்தனை டியூஷன் சென்டர், எத்தனை மருத்துவ முகாம் என்று மாதாந்திரக் கடிதத்தில் எண் வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கயிறு முறுக்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எந்தப் பிள்ளை எழுதி அனுப்புவான்? இரவிலும் மாற்றம். நாங்கள் சாயங்காலம் ஆனால் ஊர் நடுவில் தீ மூட்டும் இடத்துக்குப் போவோம், போக வேறு இடம் கிடையாது. இவர்களுக்கு டவர் கிடைக்கிறது. அம்மாவிடம் பேசலாம், தமிழ்ப் பாட்டு கேட்கலாம். தனிமையில் தவிக்கும் பிள்ளைக்கு அது ஆறுதல்தான். ஆனால் மொழி கூடுதலாக வருவது அந்த ராத்திரிப் பேச்சில்.

இதன் விலை என்ன என்பதைச் சமீபத்தில் ஒரு முகாமில் பார்த்தேன். சாகிப்கஞ்ச், பாகுர், தும்கா, கோடா ஆகிய நான்கும்தான் ஜார்க்கண்டில் காலா அசார் பரவிய மாவட்டங்கள். மணல் ஈ கடித்து வருகிற நோய். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் சேர்ந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். நாள் கணக்குதான் முக்கியமான கேள்வி. நம் பிள்ளை, நல்ல நர்ஸ், ஒரு தாயிடம் இந்தியில் கேட்டாள், குழந்தைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று. அந்தத் தாய் இந்தியில் "இரண்டு நாள்" என்றாள். பாரசிட்டமால் கொடுக்கப் போனார்கள். பக்கத்தில் இருந்த பஹாடியாக் கிழவி மால்டோவில் அதையே வேறு மாதிரிக் கேட்டாள். போன சந்தைக்கு முந்தின சந்தைக்கு முன்பே உடம்பு சுட்டதா என்று. ஆமாம் என்றாள் தாய். அதற்கும் முந்தின சந்தைக்கு? ஆமாம். வாரச் சந்தையை வைத்துத்தான் அவர்கள் நாளை எண்ணுகிறார்கள். அதிகாரிகளிடம் பேசும் மொழியில் கேட்டபோது, அதிகாரிக்குச் சொல்வது போலச் சின்னதாக ஒரு பதில் வந்தது. அந்தக் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அன்றே கீழே அனுப்பினார்கள். கிழவி இல்லாத முகாமில் என்ன நடந்திருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற வருஷம் மலையில் ஒரு பஹாடியா இளைஞன் என்னைப் பார்த்து, "அண்ணா, சாப்டீங்களா?" என்றான். திகைத்துப்போனேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறான். கொங்குத் தமிழ் அப்படியே வாயில் நிற்கிறது. "எப்படிப்பா படிச்ச?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரலீங்கண்ணா. ரூம்ல நானு ஒருத்தன்தான் இந்தப் பக்கத்துக்காரன். கடைக்குப் போனா, பஸ் ஏறுனா, சூப்பர்வைசர் வைஞ்சா, எல்லாம் தமிழ்தானுங்களே. பேசித்தானே ஆவோணும்."

எந்த மிஷனரிப் பயிற்சிக்கும் போகாத பையன். புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை, ஊக்கத்தொகை இல்லை. சில மாதத்தில் நம் மொழியை வட்டார வழக்கோடு கற்றுவிட்டான். அவனுக்கு இன்னொரு வழி திறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவன் மலையில் வந்து இறங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தி என்ற வழி திறந்தே இருக்கிறது. அவனுடைய பாட்டியோடு அவன் பேசும் மொழியில் நம் பிள்ளைகளால் நலம் விசாரிக்க முடியவில்லை. அவன் நம்மிடம் நம் மொழியில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான். மலையேறிப் போனது நாம், மொழியைக் கற்றுக்கொண்டது அவன். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

மால்டோ பேசும் மக்கள் இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகம். சந்தாலி 2003ல் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணைக்குள் வந்தது, 2024ல் கூகுள் மொழிபெயர்ப்பிலும் இடம் பெற்றது. அது அவர்கள் போராடிப் பெற்றது, பெருமைப்பட வேண்டிய விஷயம். மால்டோவுக்கு அட்டவணையில் இடமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இந்தியில் படிக்கிறார்கள். அங்கே போகிற மிஷனரியும் இந்தியே போதும் என்று இருந்துவிட்டால், அந்த மொழிக்கு வெளியிலிருந்து மரியாதை கொடுக்க ஒருவரும் மிச்சம் இல்லை. தன் மொழியை ஒரு வெளியூர்க்காரன் திண்ணையில் உட்கார்ந்து கற்கிறான் என்பதைப் பார்த்து வளரும் பஹாடியாக் குழந்தைக்கு அந்த மொழியைப் பற்றி ஒரு எண்ணம் வரும். எல்லோரும் இந்தியில் பேசுவதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு வேறொரு எண்ணம் வரும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் இப்போது இல்லை. அவர் வயதுக்காரர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் ஓரிருவர் இருக்கிறார்கள். ஆகவே மிஷன் நிர்வாகங்களுக்கும், நெல்லை, குமரி, தூத்துக்குடிச் சேகரங்களில் ஜெபக்குழு நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். மலைக்கு அனுப்பும் பிள்ளைக்கு முதல் ஒரு வருஷம் முழுவதையும் மொழிக்கென்றே கொடுங்கள். அந்த வருஷத்தில் அவனிடமிருந்தோ அவளிடமிருந்தோ படமும் எண்ணிக்கையும் கேட்காதீர்கள். மொழி சொல்லிக்கொடுக்கும் பஹாடியாப் பெரியவருக்கும் சுனையடிப் பெண்களுக்கும், மற்ற ஆசிரியருக்குக் கொடுப்பதுபோல மாதச் சம்பளம் கொடுங்கள். கைப்பிடி அரிசிப் பானை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால், அடுத்து வரும் பிள்ளைகளை அந்தத் திண்ணைகளில் உட்கார வைத்துவிடலாம்.